ஒரே கட்டத்தில் ஏற்காடும் சேலமும்

சித்திரை மாதத்து மாலை நேரம். சேலம் ஐந்து ரோட்டில் தார் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும். வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலையின் தலைப்பு கருமேகத்துக்குள் போயிருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போனால் ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டுக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர்தான். அந்தப் பதினைந்து கிலோமீட்டருக்குள் செடி மாறுகிறது, சட்டையின் கனம் மாறுகிறது, மழையும் மாறுகிறது.

இந்திய வானிலைத் துறையின் மழைக் கட்டத் தரவில் மட்டும் இரண்டு ஊர்களுக்கும் ஒரே எண்.

இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. அந்த எண் எப்படி வந்தது, நூறாண்டுக்கும் மேலான அத்தகைய எண்களை எப்படி ஒன்றாகக் கோக்கிறார்கள் என்று பார்த்தால், அதுவே இந்த மலையைப் பற்றிய ஒரு புதிய படிப்பாகிவிடுகிறது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டை இந்திய வரைபடத்தின்மேல் விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தெற்கே 6.5 பாகை அட்சரேகையில் தொடங்கி 38.5 வரை, மேற்கே 66.5 பாகை தீர்க்கரேகையிலிருந்து 100 வரை, கால் பாகைக்கு ஒரு கோடு. கிடைப்பது 129 வரிசை, 135 பத்தி. மொத்தம் 17,415 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நாளும் எத்தனை மி.மீ. மழை என்று ஓர் எண். கடலும் அயல்நாடும் வரும் இடங்களில் ‘இங்கே தரவு இல்லை’ என்பதற்கு அடையாளமாக -999. இதை டி. எஸ். பை தலைமையிலான புனே வானிலைத் துறையினர் 2014இல் வெளியிட்டார்கள். நாடு முழுவதுமுள்ள 6,955 மழைமானி நிலையங்களின் பதிவுகள், 1901 முதல், இதற்குள் போயிருக்கின்றன. அதற்கு முன், 2006இல், எம். ராஜீவன் குழுவினர் உருவாக்கிய கட்டங்கள் ஒரு பாகை அகலமுடையவை. அதோடு ஒப்பிட்டால் இது பதினாறு மடங்கு நுணுக்கம்.

இந்த வலையில் ஏற்காட்டின் முகவரி 11.75 வடக்கு, 78.25 கிழக்கு. தெற்கிலிருந்து எண்ணினால் 22ஆம் வரிசை, மேற்கிலிருந்து 48ஆம் பத்தி. அந்தப் புள்ளியைச் சூழ்ந்த கட்டம் 11.625 முதல் 11.875 வரை, 78.125 முதல் 78.375 வரை விரிகிறது. ஏறக்குறைய 750 சதுர கிலோமீட்டர். ஏற்காட்டு ஏரியும் சேர்வராயன் கோயிலும் உள்ளே இருக்கின்றன. சேலம் நகரமும், தென்மேற்கு மூலையில், உள்ளேயே இருக்கிறது.

எண் பிறக்கும் விதம் இது. ஒவ்வொரு மழைமானி நிலையத்திலும் காலை 8.30 மணிக்கு ஒருவர் அளவுக்குழாயைப் பார்த்து, கடந்த 24 மணி நேரத்து மழையை எழுதுகிறார். மானிகள் கட்டப்புள்ளிகளில் நிற்பதில்லை. தாலுகா அலுவலகத்திலும் அணைக்கட்டிலும் பண்ணையிலும் நிற்கின்றன. அவற்றிலிருந்து கட்டப்புள்ளியின் மதிப்பைக் கணிக்க 1968இல் டொனால்டு ஷெப்பர்டு முன்வைத்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்: அருகிலுள்ள மானியின் சொல்லுக்கு அதிக எடை, தொலைவிலுள்ளதற்குக் குறைந்த எடை. தொலைவு என்பது இங்கே கிடைமட்டத் தொலைவு. இடையில் ஒரு மலைச்சரிவு நிமிர்ந்து நிற்பது அந்தக் கணக்கில் சேராது.

இப்படிக் கிடைக்கும் எண்கள் ஆண்டுக்கு ஒரு கோப்பாக வைக்கப்படுகின்றன. ஓர் எண்ணுக்கு நான்கு பைட். ஒரு நாளுக்கு 69,660 பைட். ஓராண்டுக்கு ஏறக்குறைய 25 மெகாபைட். பழைய இருமக் கோப்பு வடிவத்தில் அதற்குள் வேறு எதுவுமே இல்லை. தேதி இல்லை, ஊர் இல்லை, அலகு இல்லை. எண்களுக்குப் பின் எண்கள். எத்தனை வரிசை, எங்கே தொடக்கம் என்பதைச் சொல்லும் சிறு குறிப்புக் கோப்பு தனியாக வரும். அந்தக் குறிப்பு தொலைந்தால் 25 மெகாபைட் அடையாளமற்ற இலக்கங்கள் மட்டுமே மிஞ்சும்.

ஏற்காட்டுக் கட்டத்தின் மழை வரலாற்றை மட்டும் எடுக்க வேண்டுமானால் என்ன செய்வது? முதல் நாளில் 2,882 எண்களைத் தாண்டி 2,883ஆவதை எடுக்க வேண்டும். பிறகு 17,414 எண்களைத் தாண்டி அடுத்ததை. 1901 முதல் 2020 வரை 43,830 நாட்கள். மூன்று கிகாபைட்டுக்கும் சற்று அதிகமான கோப்புகளைப் புரட்டி, கடைசியில் கையில் நிற்பது 175 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தைவிடச் சிறியது. 120 ஆண்டுகளின் பருவமழைகள், பஞ்சங்கள், வெள்ளங்கள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடுகின்றன. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

எண்ணும் அதன் முகவரியும் பிரியாமல் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை 1980களின் இறுதியில் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள யூனிடேட்டா நிறுவனத்தார் செயல்படுத்தினார்கள். அவர்கள் உருவாக்கிய நெட்சிடிஎஃப் வடிவமே இன்று உலகெங்கும் வானிலை, கடல் ஆய்வாளர்களின் பொதுக் கோப்பு. அதைத் திறந்தால் முதலில் தன்னைப் பற்றித் தானே சொல்லும்: எனக்கு மூன்று அச்சுகள், காலம், அட்சரேகை, தீர்க்கரேகை, என்னிடம் இருப்பது மழை, அலகு மி.மீ.; இல்லாத மதிப்புக்கு அடையாளம் இது. கால அச்சை மட்டும் முடிவில்லாமல் வளரும் அச்சாக அறிவித்துவிடலாம். நாளை காலையின் மழையை இன்றைய கோப்பின் வாலில் ஒட்டிக்கொண்டே போகலாம்.

கோப்புகளை இணைப்பது என்றால் பலரும் நினைப்பது இந்த வால் ஒட்டும் வேலையைத்தான்: 1901க்குப் பின் 1902, அதன்பின் 1903. ஆனால் மழைக் கோப்பின் பக்கத்தில் வெப்பநிலைக் கோப்பை வைப்பதும் இணைப்பே. அங்கே காலம் நீள்வதில்லை, அதே நாளுக்கு இரண்டாவது செய்தி கிடைக்கிறது. ஒரே எதிர்காலத்தைக் கணித்த பத்து காலநிலை மாதிரிகளை அடுக்கி வைத்தால் ‘எந்த மாதிரி’ என்ற புதிய அச்சே பிறக்கிறது. நிலப்பரப்பின் துண்டுகளைப் பக்கம் பக்கமாகப் பொருத்துவது இன்னொரு வகை. சார்லி ஸெண்டர் தொடங்கிய என்சிஓ, ஹாம்பர்க்கின் மாக்ஸ் பிளாங்க் வானிலை ஆய்வு நிறுவனம் தந்த சிடிஓ ஆகிய இரண்டும் இந்த வேலைகளில் பலவற்றுக்குத் தனித்தனிக் கட்டளை வைத்திருக்கின்றன. பைத்தான் மொழியில் எக்ஸ்அரே என்ற நூலகம் கோப்புகளின் முகவரிகளைப் படித்து, எதை எங்கே பொருத்துவது என்று தானே முடிவெடுக்கும். கருவி எதுவானாலும், முகவரியைப் பார்த்து இணைக்கிறோமா, வெறும் வரிசை எண்ணைப் பார்த்து இணைக்கிறோமா என்பதில்தான் விளைவு இருக்கிறது.

ஐரோப்பிய மத்திய வானிலைக் கணிப்பு மையம் ஈஆர்ஏ5 என்ற மறுபகுப்பாய்வுத் தரவை 1940 முதல் மணிக்கு மணி தருகிறது. அதன் கட்டமும் கால் பாகை, 11.75, 78.25 என்ற புள்ளி அதிலும் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் நம்முடையது தெற்கிலிருந்து வடக்கே எண்ணுகிறது. அவர்களுடையது வடக்கிலிருந்து தெற்கே. ஈஆர்ஏ5இல் அதே இந்தியப் பரப்பை வெட்டியெடுத்து, முகவரியைப் பாராமல் 22ஆம் வரிசையோடு 22ஆம் வரிசையை ஒட்டினால், ஏற்காட்டின் காலடியில் வந்து நிற்பது 33.25 வடக்கு. கிழக்கு லடாக்கில், பாங்காங் ஏரிக்குத் தெற்கே உள்ள குளிர்ப்பாலை. கணினி எந்த எச்சரிக்கையும் தராது. இரு பக்கமும் 129 வரிசை, 135 பத்தி, கச்சிதமாகப் பொருந்தும். சராசரி எடுக்கும், படம் வரையும், எல்லாம் செய்யும். அட்சரேகையைக் கோப்போடு சேர்த்து எழுதியிருந்தால் மட்டுமே மென்பொருள் தானாகத் திருப்பிப் பொருத்தும்.

அலகிலும் இதே கவனம் வேண்டும். நம் கோப்பில் 40 மி.மீ. என்று இருக்கும் மழை, ஈஆர்ஏ5இல் மீட்டராக 0.04 என்று நிற்கும். காலநிலை மாதிரிகளின் கோப்பிலோ ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடிக்கு எத்தனை கிலோகிராம் நீர் என்று எழுதியிருப்பார்கள். ஒரு நாளின் 86,400 நொடிகளால் பெருக்கினால்தான் மி.மீ. கிடைக்கும்.

பழைய ஈஆர்ஏ5 கோப்புகளில் இதைவிட ஆழமான ஒரு பள்ளம் இருந்தது. இடத்தை மிச்சப்படுத்த மதிப்புகளைச் சிறு முழு எண்களாகச் சுருக்கி, விரிப்பதற்கான பெருக்கியையும் கூட்டலையும் தலைப்பில் எழுதி வைப்பார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் அந்தப் பெருக்கி வேறு. சுருக்கியதை விரிக்காமல் இரண்டு ஆண்டுகளை ஒட்டினால், இரண்டாம் ஆண்டின் எண்கள் முதலாம் ஆண்டின் பெருக்கியால் விரியும். மழை பெய்த நாளில்தான் பெய்திருக்கும், அளவு மட்டும் பொய்யாகிவிடும். வரைபடத்தில் பார்த்தால் நம்பும்படியாகவே இருக்கும் என்பதுதான் இதன் ஆபத்து.

காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல் 10 மாலை ஐந்து மணிக்கு ஏற்காட்டில் இடியோடு மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வானிலைத் துறையின் வழக்கப்படி அது மறுநாள் காலை 8.30க்கு அளக்கப்பட்டு ஏப்ரல் 11இன் மழையாகப் பதிவாகும். செயற்கைக்கோள்களிலிருந்து நாசா தொகுக்கும் ஐமெர்க் மழைத் தரவின் நாள் கோப்பு உலகப் பொது நேரப்படி நடக்கிறது; நள்ளிரவு அங்கே என்றால் நமக்குக் காலை 5.30. அதன்படி அதே மழை ஏப்ரல் 10. தேதிக்குத் தேதி இரண்டையும் இணைத்தால், வானிலைத் துறை மழை என்று சொன்ன நாளில் செயற்கைக்கோள் வெயில் என்று சொல்லும். அதற்கு முந்தைய நாள் தலைகீழாக. செயற்கைக்கோள் மழையைப் பார்க்கத் தவறிவிட்டது என்று கட்டுரைகூட எழுதிவிடலாம். உண்மையில் நம் ஏப்ரல் 11க்கும் அதன் ஏப்ரல் 10க்கும் 21 மணி நேரம் பொது. ஐமெர்க்கின் அரைமணிக் கோப்புகளை எடுத்து, உலக நேரம் 3 மணியிலிருந்து மறுநாள் 3 மணி வரை நாமே கூட்டிக்கொண்டால் இரண்டும் ஒரே காலை 8.30இல் சந்திக்கும்.

காலநிலை மாதிரிகளின் நாட்காட்டி இன்னும் விசித்திரம். பிரிட்டனின் ஹாட்லி மையத்து மாதிரிகளில் எல்லா மாதத்துக்கும் 30 நாள், ஆண்டுக்கு 360 நாள். அங்கே பிப்ரவரி 30 அன்றும் ஏற்காட்டில் மழை பெய்யலாம். மே 31 என்பது வரவே வராது. வேறு சில மாதிரிகளில் லீப் ஆண்டே கிடையாது. இவற்றை நம் நாட்காட்டியோடு நாளுக்கு நாள் ஒட்டக் கூடாது; மாதச் சராசரியாகவோ பருவச் சராசரியாகவோ மாற்றிய பிறகே பேச்சு. எந்த நாட்காட்டி என்பதைக் கோப்பே சொல்ல வேண்டும் என்று ‘சிஎஃப்’ எனப்படும் பொது மரபு வகுத்திருக்கிறது. 2003இல் அதன் முதல் பதிப்பு வந்தது.

இனி நுணுக்கத்துக்கு வருவோம். ஐமெர்க் கட்டத்தின் அகலம் 0.1 பாகை. அதை நம் கால் பாகைக் கட்டத்தில் அடக்க முயன்றால் ஒன்பது சிறு கட்டங்கள் தொடுகின்றன. நடுக்கட்டம் முழுமையாக உள்ளே. நான்கு பக்கத்துக் கட்டங்கள் முக்கால் பங்கு. நான்கு மூலைகள் பதினாறில் ஒன்பது பங்கு. கூட்டினால் 6.25 சிறு கட்டங்கள். மழையை மாற்றும்போது இந்தப் பங்குகளின்படியே நீரைப் பிரித்துக் கூட்ட வேண்டும். அப்போதுதான் மலைமேல் விழுந்த மொத்த நீர் கணக்கில் கூடாமலும் குறையாமலும் இருக்கும். வெப்பநிலையென்றால் அக்கம்பக்கத்து மதிப்புகளுக்கு இடையே வழுக்கிச் செல்லும் இடைக்கணிப்பு போதும். மழைக்கு அது ஆகாது.

இங்கே ஏற்காடும் சேலமும் முதல்முறையாகப் பிரிகின்றன. ஏற்காடு நடுக்கட்டத்தின் மேற்கு ஓரத்தில். சேலம் தென்மேற்கு மூலைக் கட்டத்தில்.

இந்த 0.1 பாகையில் ஒரு சிறு வினோதமும் உண்டு. கால், அரை, முக்கால் ஆகியவற்றைக் கணினியின் இரும எண்முறையில் மிச்சமில்லாமல் எழுதிவிடலாம், 11.75 எங்கே எழுதினாலும் 11.75தான். 11.85 அப்படியல்ல. நான்கு பைட்டில் எழுதிய 11.85உம் எட்டு பைட்டில் எழுதிய 11.85உம் கடைசி இலக்கங்களில் வேறுபடும். முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள். இணைத்த கோப்பில் வரிசைகள் இரட்டிப்பாகும். ஒன்று விட்டு ஒன்று வெறுமையாகும். கால் பாகையைத் தேர்ந்தவர்கள் இதை எண்ணித் தேர்ந்தார்களா தெரியவில்லை, ஆனால் பயனடைவது நாம்தான்.

வெப்பநிலைக்கு வானிலைத் துறை தரும் நாட்டுக் கட்டம் ஒரு பாகை அகலம். 11 முதல் 12 வடக்கு, 78 முதல் 79 கிழக்கு என்ற சதுரத்துக்கு ஒரு நாளில் ஓர் உச்ச வெப்பம், ஒரு தாழ்ந்த வெப்பம். அந்த ஒரு சதுரத்துக்குள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை ஆகியவை இருக்கின்றன. சேலம், நாமக்கல், ஆத்தூர் நகரங்களும் இருக்கின்றன. இதே சதுரத்தை வேறொருவர் வேறுவிதமாக அளந்திருக்கிறார். 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு பூமியின் உயரங்களைப் பதிவு செய்தது. அந்தத் தரவு ஒரு பாகைச் சதுரங்களாக, தென்மேற்கு மூலையின் பெயரில் வருகிறது. நம்முடையதன் பெயர் என்11ஈ078. அதற்குள் 3,601 வரிசை, 3,601 பத்தி. ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் உயரங்கள், 30 மீட்டருக்கு ஒன்று. 3,600 என்று முடியாமல் ஒன்று கூடுதலாக இருப்பது, விளிம்பு வரிசை அடுத்த சதுரத்திலும் இருப்பதால். தருமபுரிப் பக்கத்துச் சதுரத்தை வடக்கே பொருத்தும்போது 12 பாகைக் கோட்டின் வரிசை ஒன்றை நீக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே நிலம் இருமுறை வரும்.

ஒரு பக்கம் ஓர் எண், மறுபக்கம் ஒன்றேகால் கோடிக்கும் மேலான எண்கள். இவை இரண்டையும் பக்கத்தில் வைப்பதால்தான் மலை மீண்டும் தெரிகிறது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் என்ற கணக்கில் காற்று குளிர்கிறது. சேலத்திலிருந்து 1,200 மீட்டர் ஏறினால் எட்டு பாகையளவு குறைய வேண்டும். சதுரத்தின் ஒற்றை வெப்பநிலையை உயரத் தரவின்மீது இந்த விதிப்படி பரப்பினால் ஏற்காடு ஏற்காட்டுக்குரிய குளிரைத் திரும்பப் பெறுகிறது. மழையை அப்படி மீட்க எளிய விதி கிடையாது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, சரிவு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதற்கேற்ப மழை மாறுகிறது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் காபி மொட்டுகளைத் திறக்கும் கோடை மழை ஒரு தோட்டத்தில் பெய்து அடுத்த தோட்டத்தைத் தொடாமல் போகும். அதைக் கால் பாகைச் சராசரியில் தேடினால், இரண்டு தோட்டத்துக்கும் சேர்த்து அரைகுறை மழை ஒன்றுதான் தென்படும்.

கட்டத் தரவின் இன்னொரு குணமும் நினைவில் இருக்க வேண்டும். 1901இன் வரைபடமும் 2020இன் வரைபடமும் ஒரே 17,415 புள்ளிகளோடு, ஒரே வழவழப்போடு வருகின்றன. அடியில் நின்ற மழைமானிகள் எல்லா ஆண்டும் ஒரே மானிகள் அல்ல. சில புதிதாக வந்தன, சில நின்றுபோயின. தையல் வெளியே தெரியாதபடி தைப்பதில் இந்த முறைகள் வல்லவை. அதனால் நான் வற்புறுத்துவது ஒன்று: இணைத்த கோப்பின் வரலாற்றுக் குறிப்பை யாரும் அழிக்கக் கூடாது. என்சிஓவும் சிடிஓவும் ஒவ்வொரு கட்டளையையும் தேதியோடு கோப்பின் தலைப்பில் தாமே எழுதி வைக்கின்றன. எந்தக் கோப்பு எப்போது எதனோடு சேர்ந்தது என்பது அங்கே படிக்கக் கிடைக்கும்.

கோப்பை அடுக்கும் விதமும் பயனை மாற்றுகிறது. நாளுக்கொரு வரைபடமாக அடுக்கியதில் ஏற்காட்டுக் கட்டத்தை எடுக்க மூன்று கிகாபைட் புரட்ட வேண்டியிருந்தது. 2008இல் வந்த நெட்சிடிஎஃப் நான்காம் பதிப்பில் தரவைச் சிறு பாளங்களாக வெட்டி வைக்கலாம். பாளங்களைக் காலத்தில் நீளமாகவும் இடத்தில் குறுகலாகவும் வெட்டினால், சேர்வராயன் மலையின் நூறாண்டு மழை ஒருசில பாளங்களில் கிடைத்துவிடும். பதிலுக்கு, ஒரே நாளின் இந்திய வரைபடம் கேட்பவர் காத்திருக்க வேண்டும். யாருடைய கேள்விக்காக அடுக்குகிறோம் என்பதை முதலிலேயே தீர்மானிப்பது நல்லது.

அந்தக் கட்டத்துக்குள் இன்னும் சேராத தரவு ஒன்று இருக்கிறது. தென்னிந்தியக் காபித் தோட்டங்களில் மழைமானி வைத்து நோட்டில் எழுதுவது பழைய வழக்கம். அங்கே மழையை அங்குலத்திலும் சென்ட்டிலும் சொல்வார்கள். ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட், 0.254 மி.மீ. இத்தகைய நோட்டுகளைக் கட்டமாக்க வேண்டியதில்லை. புள்ளித் தரவை அதன் இடத்திலேயே வைக்கும் முறையும் சிஎஃப் மரபில் இருக்கிறது. தோட்டத்துக்கு ஓர் அடையாள எண், அட்சரேகை, தீர்க்கரேகை, பிறகு இந்த மலையில் விடவே கூடாத உயரம், எந்த மணிக்கு அளந்தார்கள், மி.மீ.ஆக மாற்றும் முன் என்ன எழுதியிருந்தது. எழுதாத நாட்கள் எவை. எழுதாத நாளுக்குச் சுழியம் போடக் கூடாது. மழை பெய்யாத நாள் வேறு, நோட்டைத் திறக்காத நாள் வேறு, பின்னதற்குரியது -999. இவ்வளவும் செய்த கோப்பை 22ஆம் வரிசை, 48ஆம் பத்தியின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால், அந்தக் கட்டத்தின் சராசரி எந்த நாட்களில் மலையைச் சொல்கிறது, எந்த நாட்களில் அடிவாரத்தைச் சொல்கிறது என்று நாள்வாரியாகப் பிரித்துப் பார்க்க முடியும்.